துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அதை நாம் மறைப்பதில்லை. சர்க்கரை வியாதி என்றால் கல்யாணப் பந்தியிலேயே சொல்லி இனிப்பை ஒதுக்கி வைக்கிறோம். கால் முறிந்தால் ஊரே வந்து நலம் விசாரிக்கிறது. ஆனால், நோய் மனத்தில் வந்துவிட்டால் மட்டும் வாசற்கதவைச் சாத்திவிடுகிறோம். பெண் கேட்டு வருபவர்களுக்குத் தெரியக் கூடாது, சம்பந்தி வீட்டார் காதுக்குப் போகக் கூடாது என்று பின்கட்டில் ஒருவரை வருடக்கணக்கில் அடைத்து வைத்திருக்கும் வீடுகள் நம் மஹல்லாக்களில் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

இது சரிதானா? நம் மார்க்கம் இதற்கு என்ன வழி காட்டுகிறது? இம்மாதப் பாடத்தில் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நம்முடைய ஒரு தவறு

பிறருக்கு உபதேசிக்கும் முன், நாம் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடக் கடமைப்பட்டுள்ளோம்.

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் உள்ள புதுக்கோட்டையில் சில ஆண்டுகளுக்கு முன் நாம் தங்கியிருந்தோம். ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளியை விட்டு வெளியே வரும்போது வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. உள்ளே ஓர் இளம்பெண். குழந்தை பெற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. நான்கு இரவுகளாகக் கண் மூடவில்லையாம். ஓயாமல் பேசுகிறாள். திடீரென்று அழுகிறாள். இது என் பிள்ளையே இல்லை, மாற்றிவிட்டார்கள் என்கிறாள்.

“ஹஜ்ரத், பேறுகால வீட்டிலே ஏதோ தீண்டிட்டுது போலிருக்கு. கொஞ்சம் ஓதிப் பாருங்க” என்றார் மாமியார்.

நாமும் ஓதினோம். தண்ணீரில் ஊதிக் கொடுத்தோம். மூன்று வியாழக்கிழமை மஃரிபுக்குப் பின் அழைத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். ஓதியதில் தவறில்லை. ஆனால், டாக்டரிடம் காட்டினீர்களா என்று ஒரு வார்த்தை நாம் கேட்கவில்லை. அதுதான் தவறு.

மூன்றாம் நாள் நடு இரவில் அந்தப் பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரிய சாலையை நோக்கி நடந்துவிட்டாள். லாரிகள் இரவெல்லாம் ஓடும் சாலை அது. அல்லாஹ்வின் அருளால், டீக்கடை திறக்க வந்த ஒருவர் பார்த்துத் தடுத்துவிட்டார். மறுநாள் காலை, குழந்தையைப் பார்க்க வந்த கிராம சுகாதார நர்ஸ் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சில வாரங்களில் அவள் தெளிந்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அதே மாமியார் பேரனைத் தூக்கிக்கொண்டு துஆச் செய்ய வந்தார். போகும்போது, கோபமில்லாமல்தான் சொன்னார்: “அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லியிருந்தா, நாங்க அன்னைக்கே போயிருப்போம் ஹஜ்ரத். நீங்க சொன்னா நாங்க கேட்காமலா இருப்போம்?”

அந்தச் சொல் இன்றும் நம் நெஞ்சில் தைத்துக்கொண்டிருக்கிறது. மக்கள் டாக்டரிடம் போகும் முன் நம்மிடம் வருகிறார்கள். நம் சொல்லை நம்புகிறார்கள். அப்படியானால் நம் வாயிலிருந்து வராமல் போன அந்த ஒரு வார்த்தைக்கும் நாளை மறுமையில் கேள்வி உண்டல்லவா?

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம். பிரசவித்த பெண்களில் ஆயிரத்துக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இப்படி வருவதுண்டாம். பெரும்பாலும் பிரசவமான இரண்டு வாரத்துக்குள் தொடங்கும். தூக்கம் கெடுவது, சம்பந்தமில்லாத பேச்சு, வீண் சந்தேகம், பயம் ஆகியவை இதன் அடையாளங்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து உண்டு என்பதால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நோய் இது. உரிய சிகிச்சை கிடைத்தால் நன்றாகக் குணமாகிவிடும். இவ்வளவும் தெரிந்த ஒரு நர்ஸ் ஒரு தெரு தள்ளித்தான் இருந்தார். நமக்குத்தான் தெரியவில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் நடந்து காட்டிய வழி

மதீனாவில் ஒரு பெண்மணி இருந்தார். அவருடைய அறிவில் ஏதோ கோளாறு இருந்தது. அவர் ஒருநாள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தங்களிடம் எனக்கு ஒரு தேவை இருக்கிறது என்றார். நாயகம் அவரை விரட்டவில்லை. யாரையாவது கூப்பிட்டு அவரை அப்புறப்படுத்தச் சொல்லவும் இல்லை. இன்னாரின் தாயே என்று மரியாதையுடன் அழைத்து, எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறீரோ அதைச் சொல்லும், உம் தேவையை நிறைவேற்றித் தருகிறேன் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். அந்தப் பெண் காட்டிய தெருவில் நின்று, அவர் பேசி முடிக்கும்வரை கேட்டார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

இதைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். ஓர் அரசின் தலைவர், படைகளை நடத்துபவர், வஹீ இறங்கிக்கொண்டிருக்கும் திருநபி, புத்தி சரியில்லாத ஒரு பெண்ணுக்காகத் தெருவில் நின்றிருக்கிறார்கள். இடத்தை அந்தப் பெண்ணே தேர்ந்தெடுக்கும்படியும் விட்டிருக்கிறார்கள். நாம் நம் வீட்டு நோயாளியிடம், உனக்கு எங்கே உட்கார்ந்து பேசினால் வசதி என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

திருக்குர்ஆனிலும் இதற்கு வழிகாட்டல் உண்டு. பொருளைக் கையாளும் அறிவு போதாதவர்களின் செல்வத்தைப் பொறுப்பாளர் காத்துவர வேண்டும். அதிலிருந்தே அவர்களுக்கு உணவும் உடையும் தர வேண்டும். அவர்களிடம் நல்ல சொற்களையே பேச வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 5-ஆவது வசனத்தின் கருத்து. சோறும் துணியும் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று அல்லாஹ் விட்டுவிடவில்லை. நல்ல சொல்லையும் சேர்த்தே கடமையாக்கியிருக்கிறான்.

தூங்குபவர் விழிக்கும்வரை, சிறுவர் பருவமடையும்வரை, புத்தி பேதலித்தவர் தெளியும்வரை இம்மூவர் மீதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற நபிமொழியை மக்தபிலேயே நாம் ஓதியிருக்கிறோம். அல்லாஹ்வே குற்றம் எழுதாத ஒருவரின் மீது நாம் குற்றம் எழுதலாமா? “பைத்தியம்” என்று தெருப்பிள்ளைகள் கல்லெறியும்போது பெரியவர்கள் சிரித்துக்கொண்டு போகலாமா?

கவலை ஈமானின் குறைவா?

மனச்சோர்வு நோயால் ஒருவர் துவண்டு கிடந்தால், தொழுகை இல்லை, ஈமான் பலவீனம், அதனால்தான் இப்படி என்று சிலர் தீர்ப்பளித்துவிடுகிறார்கள். இவர்கள் நபிமார்களின் வரலாற்றை மறந்துவிட்டார்களா?

மகனைப் பிரிந்த துக்கத்தால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று யூஸுஃப் அத்தியாயம் கூறுகிறது. அவர்களின் ஈமானில் குறை உண்டா? மர்யம் (அலை) அவர்கள் பேறுகால வேதனையில் பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கியபோது, இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள். அல்லாஹ் அவர்களைக் கடிந்துகொண்டானா? இல்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதலும், காலடியில் நீரும், மரத்திலிருந்து கனிந்த பழமும் அவர்களுக்குக் கிடைத்தன. உண்டு, பருகி, கண் குளிர்ந்திருக்கும்படி சொல்லப்பட்டது. அன்று ஊராரிடம் பேச வேண்டிய பாரமும் அவர்களை விட்டு இறக்கி வைக்கப்பட்டது.

பிள்ளை பெற்று மனம் கலங்கிக் கிடக்கும் ஒரு பெண்ணை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா? ஆறுதல், ஆகாரம், ஓய்வு, ஏச்சுப்பேச்சுக்கு இடம் கொடாமை. நாம் இதற்கு நேர்மாறாக அல்லவா நடக்கிறோம்!

ஏர்வாடி நமக்குச் சொன்ன பாடம்

நம் கடற்கரையில் கீழக்கரைக்கு அருகே இருக்கிறது ஏர்வாடி. ஸுல்தான் ஸையித் இப்றாஹீம் ஷஹீத் (ரஹ்) அவர்கள் அடங்கியிருக்கும் ஊர். மனநோயாளிகளை அங்கே அழைத்துச் சென்று தங்க வைப்பது நெடுங்கால வழக்கம். முஸ்லிம்கள் மட்டுமல்ல, எல்லா மதத்தாரும் வந்தார்கள். நாளடைவில் தர்காவைச் சுற்றித் தனியார் பலர் கொட்டகை போட்டு, பணம் வாங்கிக்கொண்டு நோயாளிகளை வைத்துப் பராமரிக்கத் தொடங்கினர். ஓடிவிடாமலிருக்கச் சங்கிலியால் பிணைத்து வைத்தனர்.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் அதிகாலையில் அப்படிப்பட்ட ஒரு கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. நோயாளிகள் சங்கிலியில் இருந்ததால் பலரால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அன்று நாம் மக்தபில் ஓதிக்கொண்டிருந்த சிறுவர். செய்தித்தாளில் வந்த படத்தைப் பெரியவர்கள் எங்களுக்குக் காட்டாமல் மடித்து வைத்தது இன்றும் நினைவிருக்கிறது.

அந்த நிகழ்ச்சிக்குப் பின் அரசு அத்தகைய கொட்டகைகளை மூடியது. அங்கிருந்த 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்கு வந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது.

நோயாளிகளைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களெல்லாம் கல்நெஞ்சக்காரர்களா? பெரும்பாலோர் அப்படியல்லர். அன்று தமிழ்நாடு முழுவதற்கும் இருந்த ஒரே அரசு மனநோய் மருத்துவமனை சென்னை கீழ்ப்பாக்கத்தில். தூத்துக்குடியிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர். கூலி வேலை செய்யும் ஒரு தகப்பன் தினமும் கத்தி ஓடும் மகனை அவ்வளவு தூரம் எப்படி அழைத்துப் போவான்? ஊரில் சொன்னால் மற்ற பெண்மக்களின் கல்யாணம் நிற்கும் என்ற பயம் வேறு. மருத்துவமும் தூரம், மானமும் பயம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சங்கிலி வந்தது. ஆகவே, கொட்டகை நடத்தியவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ஒருவரது நோயை வெட்கமாக்கிய ஊர் முழுவதற்கும் அதில் பங்கு உண்டு.

பின்னாட்களில் அதே ஏர்வாடியில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. தவா, துஆ என்ற பெயரில், தர்காவுக்கு வருபவர்களுக்கு அரசு மனநல மருத்துவர் மூலம் மருந்து கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. துஆ கேட்க வந்தவரை யாரும் திருப்பி அனுப்பவில்லை. துஆவோடு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தனர். குஜராத்தில் உனாவா ஊரிலுள்ள மீரா தாத்தார் தர்காவில் இதற்கு முன்பே இம்முறை நடந்து வந்தது. பிரித்து வைத்த இரண்டையும் சேர்த்து வைப்பது இயலாத காரியமல்ல என்பதற்கு இவை சான்று.

முன்னோர் கட்டிய மருத்துவமனைகள்

மனநோய்க்கு மருத்துவம் என்பது நம்மவர்க்குப் புதிதல்ல. கி.பி. 934-இல் வஃபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். அச்சம், சினம், துக்கம், ஓயாத வீண் எண்ணங்கள் ஆகியவற்றை அதில் தனித்தனியே ஆராய்ந்தார். டமாஸ்கஸில் நூருத்தீன் 1154-இல் நிறுவிய மருத்துவமனையிலும், கெய்ரோவில் ஸுல்தான் கலாவூன் 1284-இல் கட்டிய மருத்துவமனையிலும் மனநோயாளிகளுக்கென இடம் இருந்தது. இவற்றின் செலவு வக்ஃபு வருமானத்திலிருந்து வந்தது.

பழம்பெருமை பேசுவதற்காக இதை எழுதவில்லை. டமாஸ்கஸ் மருத்துவமனையில் சிலர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததை இப்னு ஜுபைர் என்ற பயணி தம் குறிப்பில் பதிந்துள்ளார். முன்னோர் செய்ததிலும் குறை இருந்தது. ஆயினும், நோய் என்றால் மருத்துவம் செய்ய வேண்டும், அதற்கு வக்ஃபுப் பணத்தைச் செலவிடலாம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அந்த நல்லதை எடுத்துக்கொண்டு சங்கிலியை விட்டுவிடுவது நம் பொறுப்பு.

சில ஐயங்களும் விளக்கங்களும்

*ஜின், ஷைத்தான் தீண்டல் என்பது இல்லையா?*

ஜின்கள் உண்டென்பது திருக்குர்ஆன் கூறும் உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், தூக்கம் கெட்டு, காதில் குரல் கேட்டு, வீண் சந்தேகம் கொள்பவர் ஒவ்வொருவரையும் ஜின் பிடித்தவர் என்று முடிவு கட்டும் அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தது? இவை மருத்துவர் அறிந்த நோய்களின் அடையாளங்கள். மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு வயது முதல் முப்பதுக்குள் தொடங்குகிறது. முதலிலேயே மருந்து கொடுத்தால் நல்ல பலன் உண்டு. ஓதிப் பார்க்கிறேன் என்று இரண்டு வருடம் போக்கினால் நோய் முற்றிவிடும். ஓதுவதற்கு மருந்து தடையில்லை. மருந்துக்கும் ஓதுவது தடையில்லை. அடிப்பது, சூடு போடுவது, பட்டினி போடுவது, மிளகாய்ப் புகை காட்டுவது ஆகியவை ஓதிப் பார்த்தலில் சேராது. அவை அநியாயம்.

*தவக்குல் வைத்தால் போதாதா?*

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். மருத்துவம் செய்துகொள்ளுங்கள், மூப்பு ஒன்றைத் தவிர எந்த நோயையும் மருந்தில்லாமல் அல்லாஹ் படைக்கவில்லை என்ற கருத்திலும் அருளினார்கள். கட்டச் சொன்னது ஒட்டகத்தை; மனிதனை அல்ல.

*இந்த மாத்திரைகள் போதை மருந்துகளா?*

மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் கொடுக்கும் முக்கிய மருந்துகள் போதைக்கு அடிமையாக்குபவை அல்ல. சில தூக்க மாத்திரைகள் மட்டும் பழக்கமாகிவிடும் தன்மை கொண்டவை. ஆகவே, கடையில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது. டாக்டர் சொன்ன அளவும் காலமும் முக்கியம். மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பலனில்லை என்று நிறுத்துவதும், தெளிந்தவுடன் தாமாகவே நிறுத்துவதும்தான் நோய் திரும்பி வருவதற்குப் பெருங்காரணம்.

*ரமலானில் என்ன செய்வது?*

மருந்தை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்ற முடியுமா என்று நோன்புக்குச் சில வாரம் முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டும். லித்தியம் என்ற மருந்து சாப்பிடுபவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். உடம்பில் நீர் வற்றினால் அம்மருந்து இரத்தத்தில் மிகுந்து விஷமாகிவிடும். நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னால், நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகை இவருக்கும் உண்டு. குணமான பின் களாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கை இல்லாத நீண்ட நோயானால் ஃபித்யா கொடுக்கலாம். பகலில் மாத்திரை போடும் இவரைப் பார்த்து வீட்டார் முகம் சுளிக்கக் கூடாது.

*புத்தி தெளிவில்லாதபோது சொன்ன தலாக் செல்லுமா?*

புத்தி பேதலித்திருக்கும் நிலையில் சொன்ன தலாக் செல்லாது. இப்படி ஒரு சூழ்நிலை வந்தால் அவசரப்பட்டுக் குடும்பத்தைப் பிரிக்காமல், மருத்துவரின் கருத்தையும் கேட்டு ஆலிம்களிடம் செல்லுங்கள்.

*நிகாஹின்போது நோயை மறைக்கலாமா?*

மறைக்கக் கூடாது. மறைத்துக் கட்டி வைத்து, மருந்தையும் நிறுத்தச் சொல்லி, பிறகு நோய் கிளம்பி, இரண்டு குடும்பமும் பகையாவதை நாம் பார்க்கிறோம். கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்பது தவறான எண்ணம். கல்யாணம் மருந்தல்ல. அதே சமயம், சிகிச்சையில் நலமாக இருப்பவர் கல்யாணமே செய்யக் கூடாது என்று சொல்வதும் தவறு.

*உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று ஒருவர் சொன்னால்?*

இதைப் பயமுறுத்தல் என்று தள்ளிவிடாதீர்கள். ஹராம் என்று பயான் செய்யும் நேரமும் அதுவல்ல. அப்படி எண்ணம் வருகிறதா என்று அவரிடம் அன்போடு நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளராது. மனப்பாரம்தான் குறையும். தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகள் போன்றவற்றை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்கள் பலர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அவ்வாறு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

எங்கே போவது?

2001-இல் இருந்த நிலை இன்று இல்லை. இதை ஒவ்வொரு வீடும் அறிந்திருக்க வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் இவை இருக்கின்றன. புதுக்கோட்டைக்காரர் பஸ் ஏறினால் காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். சீட்டுக்கும் மருந்துக்கும் பணமில்லை. 1996-இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தில் நம் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. பின்னர் அது மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. உங்கள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று சுகாதார நர்ஸிடம் கேட்டால் சொல்வார்.

போக வழியில்லையா? வெளியே சொல்லக் கூச்சமா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்ற இந்த அரசுச் சேவை 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிறது. இரவும் பகலும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.

2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு மருத்துவத்தில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பது எவ்விதத்திலும் தடை செய்யப்பட்டுள்ளது. நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது. மற்ற நோய்களுக்குத் தரும் இன்ஷூரன்ஸை மனநோய்க்கும் தர வேண்டும்.

இவ்வளவு இருந்தும் போகிறவர்கள் எத்தனை பேர்? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பெரியவர்களில் 100-க்கு 10 பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநோய் இருப்பதாகத் தெரிந்தது. நோயின் வகைக்கேற்ப, அவர்களில் 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாமலே இருந்தனர். உங்கள் மஹல்லாவில் 300 பெரியவர்கள் இருந்தால் ஏறக்குறைய 30 பேர் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஜும்ஆவில் நம் தோளோடு தோள் நிற்பவர்களில் அவர்களும் இருக்கிறார்கள்.

ஜமாஅத்தார் கவனத்திற்கு

பெரிய செலவில்லாமல் ஒவ்வொரு மஹல்லாவிலும் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறோம்.

ஒன்று: ஓதிப் பார்க்க வருபவரிடம் இமாம், லெப்பை யாராயினும், டாக்டரிடம் காட்டினீர்களா என்று முதலில் கேட்க வேண்டும். காட்டவில்லையென்றால், ஓதிவிட்டு, நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள் என்று அனுப்ப வேண்டும். இரண்டு நிமிட வேலைதான் இது. நாம் அன்று தவறவிட்டதும் இதைத்தான்.

இரண்டு: பள்ளியின் அறிவிப்புப் பலகையில் 14416 என்ற எண்ணையும், மனநல மருத்துவர் வரும் கிழமையையும் எழுதி வைக்க வேண்டும்.

மூன்று: மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் பஸ் கட்டணத்துக்கு வழியில்லாத வீடுகள் உண்டு. நோயாளியோடு போகும் மகன் அன்றைய கூலியை இழக்கிறான். ஏழைகளுக்குரிய ஜகாத்தும் ஸதகாவும் இத்தகைய வீட்டைச் சென்றடையட்டும். கொடுப்பதை மறைவாகக் கொடுங்கள்.

நான்கு: நோயாளியைப் போய்ப் பார்ப்பது ஸுன்னத்து. மனநோயாளிக்கு அது இல்லையென்று எந்தக் கிதாபிலும் இல்லை. போய் உட்காருங்கள். பெயர் சொல்லி ஸலாம் சொல்லுங்கள். அவரைப் பார்த்துக்கொள்ளும் தாயையோ மனைவியையோ இரண்டு மணி நேரம் தூங்க விடுங்கள். வருடக்கணக்காகத் தூக்கமில்லாதவர்கள் அவர்கள்.

ஐந்து: ஜும்ஆ பயானில் வருடத்துக்கு ஒருமுறையாவது இதைப் பேச வேண்டும். மிம்பரில் பேசப்பட்டுவிட்டால் வீட்டில் மறைக்கத் தேவையிருக்காது.

நம் மன்னார் வளைகுடாக் கடலில் முத்துக்குளித்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்குபவர் ஒருவர். தோணியில் நின்று அவருடைய கயிற்றைப் பிடித்திருப்பவர் இன்னொருவர். கீழிருப்பவருக்கு மூச்சு முட்டினால் கயிறு அசையும். மேலிருப்பவர் உடனே இழுக்க வேண்டும். ஏன் இறங்கினாய், உனக்கு மூச்சு போதாதா என்று தோணியில் நின்று யாரும் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. முதலில் இழுப்பார்கள்.

உங்கள் வீட்டிலும் இன்று ஒரு கயிறு அசைந்துகொண்டிருக்கலாம். தூங்காமல் விழித்திருக்கும் மகன், சாப்பாட்டை வெறுத்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் மகள், பிள்ளை பெற்ற பின் சிரிப்பை மறந்துவிட்ட மருமகள். இம்மாத இதழை மூடி வைத்ததும் அவரருகே போய் உட்கார்ந்து, என்னம்மா செய்கிறது என்று கேளுங்கள். நாளைக் காலை அவரை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். துஆவும் செய்யுங்கள். நாமும் செய்கிறோம்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் அருள்வாயாக! எங்கள் நாவால் அவர்கள் மனம் நோகாதபடி எங்களைக் காப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.